பவளத் தீவுகளில் முக்குளிப்பு: இடத்தைத் தேர்வது எப்படி?

விடுமுறைக்குக் கடற்கரை செல்வோர் மணலில் நின்று அலையைக் கண்டு திரும்பிய காலம் மாறி வருகிறது. முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து, வாயில் மூச்சுக் குழாயைப் பொருத்திக்கொண்டு, கடலடியில் முக்கால் மணி நேரம் உலவி வருவது இன்று நடுத்தர வருவாய்க் குடும்பத்தினருக்கும் எட்டக்கூடிய பொழுதுபோக்காகிவிட்டது. ஃபிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் 1943-ல் உருவாக்கிய கருவியே இதற்கு அடிப்படை. 'ஸ்கூபா' என்னும் பெயரில் அது இப்போது உலகெங்கும் வழங்குகிறது.

தமிழருக்குக் கடலடி புதிய இடமன்று. முத்தும் சங்கும் எடுப்பதைக் 'குளித்தல்' என்றே நம் மொழி குறிக்கிறது. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் 'பார்' என்று பெயரிட்டு, ஒவ்வொரு பாரும் கரையிலிருந்து எத்திசையில், எத்தனை பாக ஆழத்தில் உள்ளது என்பதை மன்னார் வளைகுடாவின் குளியாட்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஐ ஒட்டி நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். இவர்களுக்கும் விடுமுறையில் முக்குளிக்கச் செல்பவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, கருவியில் இல்லை. இடம் பற்றிய அறிவில் உள்ளது. குளியாளுக்குப் பார் தெரியும். விடுமுறையாளருக்குத் தெரியாது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை என்று பொருளாதார நூல்கள் கூறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. விளம்பரப் படத்தையும் கட்டணத்தையும் மட்டும் கொண்டு அவர் முடிவு செய்கிறார். அம்முடிவு தவறானால் அவர் பணத்தை இழக்கலாம். சில வேளை உடல் நலத்தையும் இழக்கலாம். அவர் காணச் சென்ற பவளத்திட்டும், அத்திட்டை நம்பி வாழும் தீவு மக்களும் அடையும் இழப்பு எந்தக் கட்டணச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

கொச்சிக் கடலில் பவளம் ஏன் இல்லை?

எர்ணாகுளத்தில் பணி நிமித்தம் வசிப்போரிடம் வெளியூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கொச்சிக்கு வருகிறோம், அங்கேயே ஒரு நாள் முக்குளித்துப் பவளம் பார்த்துவிடலாமா?" மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஐந்து நிமிடம் நின்று நீரைப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். பெரியாறும் மூவாற்றுப்புழையும் பம்பையும் பிற ஆறுகளும் மலைநாட்டு வண்டலைச் சுமந்து காயலில் கலந்து, கொச்சி முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகின்றன. இந்த வண்டலை இடைவிடாமல் தூர்வாரினால்தான் கப்பல் துறைமுகத்துக்குள் வர முடியும். 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் முகத்துவார மணல்மேட்டை வெட்டித் துறைமுகம் அமைத்தபோது, வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பப்பட்டதே மட்டாஞ்சேரிக்கு எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு. ஒரு தீவையே எழுப்பும் அளவுக்கு மண் மலிந்த நீர் அது.

பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று. பூச்சியினும் சிறிய மெல்லுடல் உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. அக்கூடுகளே திட்டாக உயர்கின்றன. இவ்வுயிர்களின் திசுவுக்குள் நுண்பாசி வாழ்கிறது. சூரிய ஒளியில் அது சமைக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்ச் சேர்கிறது. எனவே திட்டைக் கட்டும் பவளத்துக்கு ஒளி புகும் தெளிந்த நீரும், குறையாத உப்பும், மிதமான வெப்பமும் தேவை. கொச்சி முகத்துவாரத்தில் முதலிரண்டும் கிடையா. பருவமழைக் காலத்தில் மீனவர் 'சாகரை' என்றழைக்கும் சேற்றுப்படுகை கேரளக் கரையோரத்தில் தோன்றும். மீனுக்கு அது விருந்து, பவளத்துக்கு நஞ்சு.

ஆயினும் பவளக் கடலுக்குச் செல்லும் வாசல் கொச்சியே. லட்சத்தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்கள் வில்லிங்டன் தீவிலிருந்து புறப்படுகின்றன. அகத்தித் தீவுக்கு விமானமும் இங்கிருந்தே செல்கிறது. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 முதல் கொச்சியில் இயங்குகிறது. கொச்சியில் இறங்குபவர் முக்குளிக்க விரும்பினால், மேற்கே மேலும் 220 முதல் 440 கி.மீ. வரை கடலைக் கடக்க ஆயத்தமாக வேண்டும்.

நான்கு பவளப் பகுதிகள்

நம் நாட்டில் பவளத்திட்டுகள் முதன்மையாக நான்கு இடங்களில் உள்ளன: கட்ச் வளைகுடா, பாக் நீரிணையை உள்ளிட்ட மன்னார் வளைகுடா, லட்சத்தீவுகள், அந்தமான் நிகோபார் தீவுகள். இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதே முதல் தவறு.

கட்ச் வளைகுடாவில் நீர் கலங்கியது; ஓதம் பல மீட்டர் உயர்ந்து தாழ்வது. 1982-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஜாம்நகர்க் கரையில், வற்றுக் காலத்தில் முழங்கால் நீரில் நடந்தே பவளத்தைக் காணலாம். கருவி அணிந்து முழுகுவதற்கு அது ஏற்ற இடமன்று.

மன்னார் வளைகுடா நமக்கு மிக அருகில் உள்ளது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சூழ்ந்த கடலும், 560 சதுர கி.மீ. பரப்பில், 1986-ல் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்த கடல் இது. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2001-ல் திட்டு கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னர், புலிக்குள்ள பாதுகாப்பு சட்டத்தில் இவற்றுக்கும் கிடைத்தது. இங்குள்ள திட்டு தேறி வருகின்ற நோயாளியைப் போன்றது. அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழைவது குற்றமாகும். விடுமுறை முக்குளிப்புக்கு இக்கடலைத் திறந்துவிட வேண்டும் என்று அவ்வப்போது எழும் கோரிக்கையை ஏற்பதற்கு இப்போதைக்குக் காரணம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

எனவே பவளம் காண முக்குளிக்க விரும்புவோர்க்கு நடைமுறையில் எஞ்சுபவை அந்தமானும் லட்சத்தீவுகளுமே. அந்தமானில் ஹேவ்லாக், நீல் என்று வழங்கி, 2018-ல் முறையே சுவராஜ் தீவு, சகீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட இரு தீவுகளில் பயிற்சி நிலையங்கள் பல உள்ளன. சென்று வருவது எளிது. போட்டியால் கட்டணமும் கட்டுக்குள் இருக்கிறது. அங்குள்ளவை பெரும்பாலும் தீவின் கரையைத் தொட்டு வளரும் கரையோரத் திட்டுகள். கரையில் காட்டை வெட்டினாலும், கழிவுநீரைத் திறந்துவிட்டாலும் அதன் விளைவு மறு மழையிலேயே திட்டில் தெரியும். அந்தமானில் இடம் தேர்பவர், கரையிலுள்ள விடுதிகளின் நெருக்கத்தையும் பார்த்துத் தேர்வது நல்லது.

லட்சத்தீவுகளின் அமைப்பு வேறு. நம் நாட்டின் வட்டப் பவளத்திட்டுகள் இங்குள்ளவையே. கடலில் எழுந்த பழைய எரிமலை மெல்ல அமிழ, அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவளம் ஒளியை நாடி மேலே மேலே வளர்ந்து, மலை மறைந்த பின்னும் வளையமாக எஞ்சுகிறது என்று சார்லஸ் டார்வின் 1842-ல் விளக்கினார். வளையத்துக்குள் அடங்கிய ஆழமற்ற, தெளிந்த நீர்ப்பரப்பை இக்கட்டுரையில் உட்கடல் என்போம். லட்சத்தீவுகளில் பெரும்பாலும் வளையத்தின் கிழக்கு விளிம்பில் தீவும், மேற்கில் உட்கடலும் அமைந்திருக்கும். ஆந்த்ரோத் மட்டும் விலக்கு. அதற்கு உட்கடல் இல்லை எனலாம். தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கி.மீ. மட்டுமே; உட்கடலின் பரப்போ ஏறத்தாழ 4,200 சதுர கி.மீ. ஆறு எதுவும் இல்லாததால் வண்டலும் இல்லை. நல்ல நாளில் நீருக்குள் இருபது மீட்டருக்கு மேலும் பார்வை செல்லும்.

1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களைச் சேர்ந்திருந்தன என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். நிர்வாகத் தலைமையகம் 1964-ல் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறியது. 'லட்சத்தீவு' என்னும் பெயர் 1973-ல் ஏற்பட்டது.

பருவமும் திசையும்

இடத்தைத் தேர்வது என்பது பாதி அளவுக்கு மாதத்தைத் தேர்வதே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் முக்குளிப்போருக்கு மூடிய கதவு. லட்சத்தீவுகளில் அக்டோபர் முதல் மே முதற்பாதி வரை நீர் அமைதியாக இருக்கும். அந்தமானில் வடகிழக்குப் பருவமும் குறுக்கிடுவதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலம் சிறந்தது.

திசையின் முக்கியத்துவத்தை இலங்கையில் தெளிவாகக் காணலாம். தென்மேற்குக் கரையில் இக்கடுவையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை முக்குளிப்புக் காலம். அதே மாதங்களில் கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை அமைதியுற, இக்கடுவை கலங்கிவிடும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியை அடுத்த புறாத்தீவு 2003-ல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே டிசம்பரில் சென்று ஏமாந்து திரும்பும் தமிழ்ப் பயணிகள் இன்றும் உண்டு. ஒரே நாட்டில், ஒரு பகல் பயணத் தொலைவில் நிலவும் வேறுபாடு இது.

தீவுக்குள்ளும் இதே விதி பொருந்தும். காற்று வீசும் பக்கத்தில் அலை மோதும். மறுபக்கத்தில் நீர் அடங்கியிருக்கும். உட்கடலையும் வெளிக்கடலையும் இணைக்கும் இடைவெளிகளில் ஓத நீர் ஆறு போல் ஓடும். நீர் உள்ளே ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் வரும். வடியும்போது உட்கடலின் மணலும் கலங்கலும் வெளியேறும். "எத்தனை மணிக்கு இறங்குகிறோம், அப்போது ஓதம் ஏறுமா, வடியுமா?" என்று கேட்பவருக்கு உடனே விடை சொல்லும் பயிற்சியாளரிடமே முக்குளிக்கச் செல்லலாம். விடை சொல்லத் தயங்குபவரிடம் கட்டணம் எவ்வளவு குறைவாயினும் செல்ல வேண்டாம்.

விளம்பரப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தோன்றும். படத்திலுள்ள செம்மை, ஒளிப்படக்காரர் கொண்டு சென்ற விளக்கின் செம்மை. அதை எதிர்பார்த்து மேலும் மேலும் ஆழம் செல்ல வற்புறுத்துவோர், வண்ணத்தை அல்ல, ஆபத்தையே நெருங்குகின்றனர். ஒளி மிகுந்த முதல் பத்து மீட்டரில்தான் பவளமும் மீனும் செறிந்து காணப்படும்.

தம் திறனை அளந்து தேர்தல்

முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்கினார். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. இதுவே முதல் பாடம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் நுரையீரலில் நிரப்பிய காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியபடி மேலெழுபவரின் நுரையீரல் கிழியக்கூடும். மேலும், அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டி போல் அது குமிழிகளாகிறது. மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை இதனால் நேரலாம். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதே இதற்கு வழி. எனவே ஓர் இடத்தைத் தேர்பவர் கேட்க வேண்டிய மிகப் பெரிய கேள்வி, அங்கு எத்தனை வகை மீன் உண்டு என்பதன்று. அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, அங்குச் செல்ல எத்தனை மணி நேரமாகும், எந்த வாகனத்தில் என்பதே. நடுக்கடல் தீவில் இக்கேள்வியின் கனம் பெருநிலக் கரையில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம்.

சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்சியாளர் உடனிருந்து அழைத்துச் செல்லும் அறிமுக முக்குளிப்புக்கு 12 மீட்டரும், தொடக்க நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டரும் உலகெங்கும் பரவலாக ஏற்கப்பட்ட எல்லைகள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை ஆகியவற்றின் வரலாறு உள்ளவர்கள் மருத்துவர் சம்மதமின்றி இறங்கலாகாது. மருத்துவ வினாத்தாளைத் தராமலே கையொப்பம் மட்டும் வாங்கும் நிலையம் எதுவாயினும் அங்கிருந்து திரும்பிவிடுவதே அறிவுடைமை.

திறன் குறைந்தவர் தமக்கு மட்டும் கேடு தேடுவதில்லை. நீரில் மேலெழாமலும் கீழிறங்காமலும் ஓரிடத்தில் மிதந்து நிற்பது பழகி வருவதோர் கலை. அது கைவராதவர் கைகால்களை வீசுவார். துடுப்புக்காலின் ஓர் உதையில் கொம்புப் பவளத்தின் கிளை முறியும். கிளைவகைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு மீட்டர் உயர்ந்த உருண்டைத் திட்டு, இந்திய நாட்டின் விடுதலைக்கு முன்பே வளரத் தொடங்கியதாக இருக்கலாம்.

ஆகவே முதன்முறை செல்வோர்க்கு என் பரிந்துரை சற்று வறட்சியாகத் தோன்றலாம். முதற்பயிற்சியை நீச்சல் குளத்திலோ, பவளமில்லாத மணல் அடியுள்ள கடலிலோ முடித்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியிலும், கர்நாடகத்தின் முருதேஸ்வரத்தை அடுத்த நேத்ராணித் தீவுக் கடலிலும் முக்குளிப்பு நடைபெறுகிறது. அங்கே மிதந்து நிற்கப் பழகியவர் பின்னர் லட்சத்தீவு செல்லலாம். பழக நேரமோ விருப்பமோ இல்லாதவர்க்கு உட்கடலில் முகக்கண்ணாடியும் மூச்சுக் குழலும் போதும். இரண்டு மீட்டர் நீரின் மேல் மிதந்து பார்ப்பவர், கலம் சுமந்து இறங்கியவர் கண்டவற்றில் பெரும்பகுதியைக் கண்டுவிடுவார், செலவும் சிறிது.

வெளிறிய திட்டுகள்

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் உணவும் பாசியுடையவை. ஆதலால் பவளம் வெண்மையாகிறது; வெப்பம் தணியாவிடில் பட்டினியால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் இவ்வாறு நேர்ந்தது. மாலத்தீவுகளில் 1998-ல் ஆழமற்ற திட்டுகளின் பவளத்தில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. 2023 அக்டோபர் இறுதியில் தொடங்கிய கடல் வெப்ப அலையால் 2024-ல் லட்சத்தீவுகளின் பவளங்கள் கடுமையாக வெளிறியதைக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய தீவுகளை 1998 முதல் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ கால் நூற்றாண்டில் உயிருள்ள பவளத்தின் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று கணித்துள்ளனர்.

இடம் தேர்பவருக்கு இதன் பொருள் என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகமோ, பத்து ஆண்டுகளுக்கு முன் சென்று வந்த நண்பரின் வருணனையோ பயன்படாது. கடந்த கோடைக்குப் பின் அத்திட்டின் நிலை என்ன என்று கேட்டறிய வேண்டும். வெளிறி மீண்டு வரும் திட்டில் ஒவ்வொரு முறிவும் இருமடங்கு இழப்பு. அத்தகைய திட்டை ஓரிரு பருவங்களுக்கு ஓய்வாக விட்டு, வேறிடம் காட்டும் பயிற்சியாளரை மதிக்க வேண்டும். சில வெயில் காப்புக் களிம்புகளிலுள்ள வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்வன என்று கருதப்பட்டதால், பலாவு நாடு 2020-லும் ஹவாய் மாநிலம் 2021-லும் அவற்றைத் தடை செய்தன. நீண்ட கைச்சட்டை அணிந்து இறங்குவோர்க்குக் களிம்பே தேவையில்லை.

தாங்கு திறனும் அனுமதிச் சீட்டும்

ஒரு மேய்ச்சல் நிலம் இத்தனை மாடுகளைத் தாங்கும் என்று கணக்கிடுவது போல, ஒரு திட்டு ஆண்டுக்கு இத்தனை முக்குளிப்புகளைத் தாங்கும் என்று கணக்கிட முடியுமா? கரீபியக் கடலிலுள்ள பொனேர் தீவில் இம்முயற்சி நடைபெற்றது. 1979-ல் கடல் பூங்கா அமைத்த அத்தீவு, 1992 முதல் முக்குளிப்போரிடம் ஆண்டுக்குப் பத்து டாலர் கட்டணம் வாங்கிப் பூங்காவைப் பராமரித்தது. அங்கு ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், ஓரிடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளைத் தாண்டும்போது பவளத்தின் சேதம் விரைந்து கூடுகிறது என்று 1993-ல் எழுதினர். இவ்வெண்ணை அப்படியே நம் கடலுக்குப் பெயர்த்து நடுவது முறையாகாது. ஆயினும் அளவை உணர உதவும். லட்சத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 210 நாட்கள்தாம் முக்குளிப்புக் காலம் என்று கொண்டால், 5,000 முக்குளிப்புகள் என்பது நாளொன்றுக்கு ஓரிடத்தில் 24 பேர். இரண்டு அல்லது மூன்று படகுகளில் அடங்கும் கூட்டம்! தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கியதன் விளைவாக 2018-ல் அதை மூட நேர்ந்தது. 2022 தொடக்கத்தில் எண்ணிக்கை வரம்புடன்தான் மீண்டும் திறந்தனர்.

லட்சத்தீவுகளுக்குச் செல்ல 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி பெற வேண்டும். இதைத் தொல்லை என்று குறை கூறுவோர் பலர். தீவுக் குடிகளின் வாழ்வைக் காக்கவே இவ்விதி எழுந்தது. பவளம் அப்போது யார் மனத்திலும் இருந்திருக்காது. எனினும், அனுமதியும் கப்பல் படுக்கைகளின் எண்ணிக்கையும் அகத்தியின் சிறிய விமான ஓடுதளமும் சேர்ந்து பல பத்தாண்டுகளாகத் திட்டுகளுக்கு ஒரு பங்கீட்டு முறையாக இயங்கி வந்துள்ளன. உச்ச நீதிமன்றம் 2012-ல் நியமித்த நீதிபதி ரவீந்திரன் குழுவும் தீவுகளின் தாங்கு திறனை ஒட்டியே வளர்ச்சி அமைய வேண்டும் என்ற வழியில் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டங்களை ஆராய்ந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் அங்குச் சென்று வந்த பின் இத்தீவுகளின் மீது நாடெங்கும் ஆர்வம் பெருகியது. பங்கீட்டுக்கும் ஒரு தீமை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை: இடம் குறைவாக உள்ளபோது விலை ஏறும், இடைத்தரகர் தோன்றுவர், வசதி படைத்தோர் முன் நிற்பர். அதைச் சரிசெய்ய மாணவர்க்கென்று தனி ஒதுக்கீடு வைப்பது போன்ற வழிகள் உண்டு. வரம்பையே எடுத்துவிடுவது வழியாகாது.

ஏனெனில் அந்தத் திட்டு காட்சிப் பொருள் மட்டுமன்று. 2011 கணக்கெடுப்பின்படி பத்துத் தீவுகளில் 64,473 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் என்ற நெருக்கத்தில் வாழ்கின்றனர். அவர்களுடைய முக்கியத் தொழில் தூண்டிற்கோல் கொண்டு சூரை மீன் பிடிப்பது. கோலுக்கு வர சூரையை மயக்க உயிருள்ள சிறு மீன்களை நீரில் இறைப்பார்கள். அச்சிறு மீன்கள் உட்கடலின் பவளக் கிளைகளுக்கிடையே வளர்பவை. நம் தென்பாண்டிக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு இந்தச் சூரையிலிருந்து செய்யப்படுவதே. பவளக் கிளை குறைந்தால் தூண்டில் இரை குறையும். இரை குறைந்தால் சூரை குறையும். திட்டு, அலையைத் தடுத்து நிலத்தைக் காக்கும் அரணாகவும் உள்ளது. நன்னீரோ மணலுக்கடியில், உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. அது போதாமல் கவரத்தியில் 2005-ல், ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையத்தைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்தது. முக்குளித்து வந்து நன்னீரில் கருவியையும் உடலையும் கழுவும் விருந்தினர், இந்த ஒரு லட்சத்திலிருந்தே தம் பங்கை எடுக்கிறார்.

தீவைத் தேர்கையில் இவற்றையெல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும். மக்கள் குடியிருப்பு இல்லாத பங்காரம் அமைதியானது, கட்டணம் அதிகம். கடமத்தின் நீண்ட உட்கடல் பழகுவோர்க்கு ஏற்றது. கவரத்தியில் மருத்துவமனையும் அலுவலகங்களும் அருகில் உள்ளதால் குடும்பத்துடன் செல்வோர் கவலை குறையும். மினிக்காய் தெற்கே தனித்து நிற்பது. 1885-ல் எழுந்த கலங்கரை விளக்கமும், மாலத்தீவு மொழியின் கிளையான மஹல் பேச்சும் அதன் சிறப்பு. முக்குளிப்புக்கு மட்டும் என்று அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. வெளிநாட்டினர்க்குச் சில தீவுகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு.

கடைசியாகப் பயண ஏற்பாடு. முக்குளித்த பின் உடனே விமானம் ஏறலாகாது. மேலே அழுத்தம் குறைவதால் உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகும். ஒரே ஒரு முக்குளிப்பானால் 12 மணி, பல முறை முக்குளித்தவரானால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அகத்தியிலிருந்து காலை விமானம் பிடிப்பவர் முந்திய நாளைக் கரையில் கழிக்க வேண்டும். கப்பலில் திரும்புவோர்க்கு இத்தடை இல்லை. இரவு முழுதும் கடலில் வந்து மறுநாள் கொச்சியில் இறங்கலாம். ஆனால் அதே கப்பலில்தான் எர்ணாகுளம் மருத்துவமனைகளுக்கு வரும் தீவு நோயாளிகளும், தேர்வெழுத வரும் மாணவர்களும் படுக்கை தேடுகின்றனர். பெருநாள் விடுமுறையிலும் பள்ளிகள் மூடும் மே மாதத்திலும் அவர்களுடைய கூட்டமே கப்பலுக்கு மிகுதி. நவம்பர் அல்லது பிப்ரவரியில், வார நடுவில் பயணத்தை வைத்துக்கொள்பவருக்குத் தெளிந்த நீரும் கிடைக்கும். ஒரு நோயாளியின் படுக்கையும் தப்பும்.